சூரியனின் இடத்தில் ஒரு விளக்கு

உயிர் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து வளர்க்கிறவர் அதற்கு இரையும் தண்ணீரும் தரக் கடமைப்பட்டவர் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஓணான், பல்லி வகைகளை வளர்க்கிறவருக்கு அதற்கு மேலும் ஒரு கடமை வந்து சேர்கிறது. அவர் வெயிலையும் தரவேண்டும். நாயும் பூனையும் தின்றதை எரித்துத் தம் உடம்புக்குள்ளேயே சூட்டை உண்டாக்கிக்கொள்கின்றன; ஓணானுக்குச் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். செரிமானம், ஓட்டம், நோயை எதிர்க்கும் வலு, எலும்பின் உறுதி எல்லாம் அந்தச் சூட்டையும் ஒளியையும் நம்பியே இருக்கின்றன. இன்று ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் ஊர்வனவற்றுள் ஒன்று பியர்டட் டிராகன் எனப்படும் தாடி ஓணான். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலங்கள் அதன் தாயகம். நம் வேலிகளில் தலையாட்டும் ஓணானும் அதுவும் ஒரே குடும்பம். ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக வெளியே அனுப்புவதைத் தடைசெய்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால், மற்ற நாட்டு வீடுகளில் இருப்பவை தலைமுறை தலைமுறையாகப் பெட்டிக்குள் பிறந்தவை. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் பெர்லின் நகரத்து அறையில், தலைக்கு மேல் எரியும் பல்புதான் அதற்குச் சூரியன். அந்தப் பல்பை மாட்டுகிறவர் எதைக் கடன்பட்டிருக்கிறார் என்பது வெறும் மின்சாரக் கேள்வியாக எனக்குப் படவில்லை. முழுக்க முழுக்க நம்மையே சார்ந்துவிட்ட உயிரிடம் அருள் எப்படி நடந்துகொள்ளும் என்ற பழைய கேள்வி அதற்குள் இருக்கிறது.

வழக்கமாகக் கிடைக்கும் விடை எளியது. சரியான வெப்பநிலை எது என்று கண்டுபிடி, தெர்மோஸ்டாட்டை அதில் வை, கடமை முடிந்தது. இந்த விடை போதாது என்பதே என் வாதம். சூட்டைத் தானே தேடிப் போய் எடுத்துக்கொள்வதும், போதும் என்று தோன்றியதும் விலகுவதும்தான் ஓணானின் அன்றாட வாழ்வு. அந்தச் செயலைப் பறித்துக்கொண்டு சூட்டை மட்டும் கொடுப்பவர் பாதியைத்தான் கொடுக்கிறார். இதற்கான சான்று 1944இல் தொடங்குகிறது. அதுவரை ஊர்வனவற்றைக் குளிர் இரத்தப் பிராணிகள் என்று சொல்லி, சுற்றுப்புறம் எவ்வளவு சூடோ அவ்வளவு சூடாகிக் கிடக்கும் கல்லும் மண்ணும்போலக் கருதிவந்தார்கள். ரேமண்ட் கவுல்ஸ், சார்லஸ் போகர்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கலிஃபோர்னியப் பாலைநிலத்துப் பல்லிகளையும் பாம்புகளையும் அளந்து பார்த்து அந்த ஆண்டு வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. உச்சிவெயிலில் ஒதுங்க வழியில்லாமல் கட்டிவைக்கப்பட்ட பாலைவனப் பல்லி சில நிமிடங்களில் செத்துப்போகும். அவிழ்த்துவிடப்பட்ட பல்லியோ காலையில் வெளியே வந்து, உடம்பைத் தட்டையாக்கி வெயில் காய்ந்து, வேண்டிய சூடு ஏறியதும் புதர் நிழலுக்குப் போய், மறுபடி வெளியே வந்து, பகல் முழுவதும் தன் உடல்வெப்பத்தைச் சில டிகிரி வித்தியாசத்துக்குள் நிறுத்திவைத்துக்கொள்ளும். நம் உடம்பு நாம் அறியாமலே உள்ளுக்குள் செய்கிற வேலையை அது கால்களால் செய்கிறது. தாடி ஓணான் இதில் இன்னும் நுட்பமானது. குளிர்ந்த வேளையில் முதுகுத்தோலைக் கறுக்கவைத்து வெயிலை உறிஞ்சும், சூடேறியதும் வெளிறும், அதற்கும் மேலே போனால் வாயை அகலத் திறந்துவைத்துச் சூட்டைக் கழிக்கும்.

அப்படியானால் அதற்கு வேண்டிய உடல்வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி என்று அளந்துவிட்டோமே, அதையே நேராகக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ குளூகரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1970களில் செய்த சோதனைகள் இதற்குப் பதில் சொல்கின்றன. பாலைவன இகுவானாக்களுக்கு அவர்கள் நோய்க்கிருமியைச் செலுத்தினார்கள். தம் உடம்பால் காய்ச்சலை உண்டாக்க முடியாத அந்தப் பல்லிகள் கூண்டின் சூடான பக்கத்துக்கு நடந்துபோய், வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு டிகிரி கூடுதலாகத் தம்மைச் சூடாக்கிக்கொண்டன. 1975இல் வெளியான அடுத்த ஆய்வில், உயிருள்ள கிருமி செலுத்தப்பட்ட பல்லிகளை 34 முதல் 42 டிகிரி வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் அடைத்துவைத்தார்கள். குளிர்ந்த பெட்டிகளில் இருந்தவை பெரும்பாலும் மாண்டன, சூடான பெட்டிகளில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்தன. நலமாக இருக்கும் பல்லிக்கு மிகச் சரியான வெப்பநிலை, நோயுற்ற பல்லிக்குச் சாவாக முடியலாம் என்பது இதன் பொருள். அது நோயுற்றிருப்பது வெளியே தெரிவதற்கு வெகு முன்பே அதன் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. வளர்ப்பவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அந்தச் செய்தி அவரை எட்டாது. கேரி ஃபெர்குசன் குழுவினர் பாந்தர் பச்சோந்திகளிடம் கண்டது இதைவிட வியப்பு. உணவில் வைட்டமின் டி குறைவாகக் கிடைத்த பச்சோந்திகள் புற ஊதா ஒளியைத் தேடி அதிக நேரம் நின்றன. உணவிலேயே நிறையக் கிடைத்தவை அந்த ஒளியைக் குறைத்துக்கொண்டன. எந்த எண்ணில் விளக்கை வைப்பது என்ற கேள்விக்கு விடை மனிதரிடம் இல்லை. அது அந்த உயிரிடம், அந்த வேளையின் அதன் உடம்பில் இருக்கிறது.

இங்கேதான் கேள்வி சமயத்தின் எல்லைக்குள் வருகிறது. இறைவன் உலகை எப்படி நடத்துகிறான் என்பதை விளக்க நம் ஞான மரபு சூரியனை உவமையாக்கியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் தந்த விடைகளாக நமக்குக் கிடைத்திருக்கும் ‘நான் யார்’ நூலிலும் அந்த உவமை இருக்கிறது. விருப்பமோ திட்டமோ முயற்சியோ இல்லாமல் சூரியன் எழுகிறது. அதன் முன்னிலையில் தாமரை விரிகிறது, நீர் வற்றுகிறது, மக்கள் தத்தம் வேலையைப் பார்க்கிறார்கள். சூரியன் எதையும் ஏவுவதில்லை. ஒவ்வொன்றும் தன் இயல்புக்கு ஏற்ப அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இந்த உவமை கடவுளைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்பதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். ஆனால் அருளைப் பற்றி அது சொல்வது மிகக் கூர்மையானது. பெறுகிறவரின் இயல்பை மீறாமல், அவருடைய செயலை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளாமல் கொடுக்கப்படுவதே அருளின் முழு வடிவம். ஓணான் வளர்ப்பவர் உவமையாக அல்லாமல் உண்மையாகவே சூரியனின் இடத்தில் அமர்கிறார். எப்போது விடியவேண்டும், எவ்வளவு காயவேண்டும் என்பது அவர் கையில். அந்த இடத்தில் அமர்ந்தவுடன் ஆணையிடும் ஆசை வருகிறது. பெட்டி முழுவதையும் 32 டிகிரியில் ஒரே சீராக வைத்து, இதுதான் உனக்கு நல்லது என்று சொல்லும் வளர்ப்பாளர் கெட்டவர் அல்லர், அக்கறையுள்ளவர்தான். ஆனால் சூரியன் செய்யாத ஒன்றை அவர் செய்கிறார். அந்த உயிரின் முடிவைத் தானே எடுத்துவிடுகிறார்.

முடிவை அந்த உயிரிடமே விட்டுவைக்கும் பெட்டி எப்படி இருக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் நன்றாகவே அறிவார்கள். முதலில் நீளம் வேண்டும். வளர்ந்த தாடி ஓணானுக்கு 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் என்பது குறைந்த அளவாகச் சொல்லப்படுவதற்குக் காரணம் அது உலாவுவதற்கு மட்டுமல்ல. சின்னப் பெட்டியில் ஒரு மூலையில் பல்பு எரிந்தால் மறு மூலையும் சூடாகிவிடும், ஒதுங்க இடமே இருக்காது. வெப்பம் படிப்படியாகக் குறைய இடம் வேண்டும் என்பதால் இடவசதியே இங்கே சுதந்திரத்தின் அளவாகிறது. பல்பை ஒரு பக்கக் கடைசியில் மாட்டி, அதன் கீழே தட்டையான கல்லோ கட்டையோ வைத்தால், அதன் மேற்பரப்பு 40 டிகிரியை ஒட்டி இருக்கவேண்டும். எதிர்ப்பக்கம் 25 டிகிரியை ஒட்டி இருக்கவேண்டும். நடுவில் உள்ள ஒவ்வொரு சாண் தூரமும் ஒரு வெப்பநிலை. இரண்டு பக்கத்திலும் மறைவிடம் இருக்கவேண்டும் என்பது பலர் தவறவிடும் நுட்பம். குளிர்ந்த பக்கத்தில் மட்டும் மறைவிடம் இருந்தால், அச்சம் ஏற்படும்போது ஓணான் பாதுகாப்பையா சூட்டையா என்று ஒன்றை இழந்து இன்னொன்றைப் பெறவேண்டிவரும். இரவில் விளக்குகள் எல்லாம் அணைந்து, 20 டிகிரி அளவுக்குக் குளிரவேண்டும். பாலைநிலத்தில் இரவு குளிர்வதை அறிந்த உடம்பு அது. இரவிலும் எரியும் சிவப்பு பல்பு அக்கறையின் பெயரால் இருட்டை எடுத்துவிடுகிறது.

ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை மட்டும் கொடுத்தால் போதாது. தேர்வு மெய்யானதாக இருக்கவேண்டும். என் வாதத்தின் கடினமான பகுதி இது. வானத்துச் சூரியனில் வெளிச்சம், சூடு, புற ஊதா ஒளி மூன்றும் ஒன்றாகவே வருகின்றன. பிரகாசமான இடம் என்றால் சூடான இடம், சூடான இடம் என்றால் எலும்புக்கு வேண்டிய ஒளி கிடைக்கும் இடம். பொழுது சாய்ந்தபின் பாறையில் தங்கும் சூட்டைத் தவிர இதற்கு விலக்கு அரிது. ஓணானின் கண்கள் நமக்குத் தெரியாத புற ஊதா நிறத்தையும் பார்க்கும். தலையுச்சியில் ஒளியை உணரும் மூன்றாவது கண்ணும் உண்டு. இத்தனை கருவிகளும் வெளிச்சத்தைக் கண்டு நம்பிப் போவதற்காக உருவானவை. மனிதர் செய்த விளக்குகளோ சூரியனைத் துண்டுதுண்டாக்கிவிட்டன. ஹாலஜன் பல்பு வெளிச்சமும் சூடும் தரும், புற ஊதா தராது. புற ஊதா ட்யூப்லைட் சூடு தராது. செராமிக் ஹீட்டர் சூடு தரும், ஒரு துளி வெளிச்சம் தராது. எல்.இ.டி. வெளிச்சம் மட்டுமே. இவற்றை ஆளுக்கொரு மூலையில் மாட்டினால், பிரகாசத்தை நம்பிப் போன ஓணான் குளிர்ந்த கல்லில் உட்கார்ந்திருக்கும். சூட்டை நம்பிப் போனது புற ஊதா இல்லாத இடத்தில் நாளெல்லாம் காயும். தோலில் புற ஊதா பட்டுத் தோன்றும் பொருள் வைட்டமின் டி ஆக மாறுவதற்கு உடம்பின் சூடும் வேண்டும் என்பதால், இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கிடைப்பது வெறும் அழகுக்காக அல்ல. கண்ணாடி இந்த ஒளியைத் தடுத்துவிடும் என்பதால் ஜன்னல் ஓரத்தில் வைத்த தொட்டியும் ஏமாற்றுகிறது. கம்பிவலை கணிசமான பங்கை விழுங்குகிறது. ட்யூப் பழையதாகும்போது கண்ணுக்குத் தெரியும் ஒளி அப்படியே இருக்க, தெரியாத ஒளி மட்டும் மெல்லத் தேய்ந்துபோகிறது. அதனால்தான் எரிந்துகொண்டிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வாய்மை என்றதும் மனிதர் மனிதரிடம் பேசும் சொல்லை மட்டுமே நினைக்கிறோம். பேசத் தெரியாத உயிரையும் பொய்யான அடையாளத்தால் ஏமாற்ற முடியும். அந்த ஏமாற்றத்தின் விலை வளைந்த முதுகெலும்பாகவும் மென்மையாகிப்போன தாடையாகவும் வெளிப்படுகிறது. ஆகவே ஹாலஜனும் ட்யூப்பும் அருகருகே, மேலிருந்து, ஒரே இடத்தில் விழவேண்டும் என்பதை வெறும் வசதிக் குறிப்பாக நான் படிக்கவில்லை. அது அந்த உயிரிடம் உண்மை சொல்வது.

இதற்கு எழும் முதல் மறுப்பு, ஓணான் தேர்ந்தெடுக்கிறது என்பதே மனிதக் கற்பனை என்பது. சூடு குறைந்தால் நகர்கிறது, கூடினால் விலகுகிறது; சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டும் அதைத்தானே செய்கிறது? விலங்குகளை இயந்திரங்கள் என்று சொன்ன டெகார்ட்டின் வாதம் இன்று இந்த வடிவத்தில்தான் உயிரோடிருக்கிறது. 1998இல் மிஷேல் கபனாக்கும் பலாஷ்கோவும் வெளியிட்ட ஒரு சோதனையை இதன் எதிரே வைக்கிறேன். இளம் இகுவானாக்களுக்குச் சூடான மூலையில் வழக்கமான தீனி இருந்தது. குளிர்ந்த மூலையில் அவை விரும்பித் தின்னும் லெட்டூஸ் கீரை இருந்தது. குளிர் மிதமாக இருந்தபோது அவை கீரைக்காகப் போய்வந்தன. குளிர் கூடக்கூடப் போவது குறைந்தது; கடுங்குளிரில் சூட்டிலேயே இருந்து இருப்பதைத் தின்றன. தெர்மோஸ்டாட் ஒரே ஒரு அளவைத்தான் பார்க்கும். இந்த உயிர் ருசியையும் குளிரையும் ஒன்றோடொன்று எடைபோடுகிறது. எடைபோடுவதற்கு இரண்டும் ஏதோ ஒரு பொதுத் தராசில் ஏறவேண்டும். அந்தத் தராசு இன்பமும் துன்பமும் அன்றி வேறென்னவாக இருக்கமுடியும் என்பதே கபனாக்கின் கேள்வி. இது முழு நிரூபணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஐயம் இருக்கும் இடத்தில் எந்தப் பக்கம் தவறினால் தீங்கு குறைவு என்று பார்த்தால், உணர்கிறது என்று கொண்டு நடப்பதே தகும். தொல்காப்பியம் உயிர்களைப் புலனறிவால் வரிசைப்படுத்தும்போது தொட்டு அறிவதைப் புல்லுக்கும் மரத்துக்கும்கூடக் கொடுக்கிறது. அந்த மரபில் வந்தவர்களுக்கு ஓணானிடம் அறிவைக் காண்பது புதிய துணிச்சல் ஆகாது.

இரண்டாம் மறுப்பு அனுபவத்திலிருந்து வருவது, அதனால் வலுவானது. ஓணான் தவறாகவும் தேர்ந்தெடுக்கிறதே. உள்ளே மின்கம்பி வைத்துச் சூடேற்றும் செயற்கைக் கற்களை ஒருகாலத்தில் நிறைய விற்றார்கள். அவற்றின் மேல் படுத்துக் கிடந்து வயிறு வெந்துபோன ஊர்வன பல. தேர்வை அதனிடம் விட்டதன் பலன் இதுதானா? இந்த உதாரணத்தைக் கூர்ந்து பார்த்தால் அது என் வாதத்துக்கே வந்து சேர்கிறது. பாலைநிலத்தில் சூடு மேலிருந்து ஒளியோடு வரும். கீழே ஓர் இடத்தில் மட்டும் வெந்துகொண்டிருக்கும் கல்லை அந்த இனம் சந்தித்ததில்லை. சுற்றிலும் குளிர், வெயில் காய வேறு இடம் இல்லை, கிடைத்த ஒரே சூடு வயிற்றுக்கு அடியில். அங்கே தவறியது ஓணானின் அறிவு அன்று. அதன் அறிவுக்குப் பொருந்தாத உலகத்தை அதைச் சுற்றிக் கட்டியவரின் பொறுப்பு. அதற்காக எல்லையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பல்பைத் தொட முடியாதபடி வலைக்கூடு போடுவதும், வெப்பம் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் தெர்மோஸ்டாட்டால் கட்டுவதும் கட்டாயம். அந்த எல்லை ஆபத்தின் விளிம்பில் நிற்கவேண்டும், விருப்பத்தின் நடுவில் வந்து நிற்கக்கூடாது என்பதுதான் என் கோரிக்கை.

மூன்றாவது மறுப்பின் முன் யாரும் எளிதாகப் பேசிவிட முடியாது. சிறையை அழகுபடுத்துகிறீர்கள், சிறையே தவறல்லவா? கொல்லாமையை எல்லா உயிர்க்கும் விரித்த சமண அறவோர் இன்று இருந்தால் இப்படித்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். பொழுதுபோக்குக்காகப் புதிதாக உயிர்களை இனப்பெருக்கம் செய்து விற்பதை நியாயப்படுத்த என்னிடம் வாதம் இல்லை, அதைத் தேடவும் இல்லை. ஆனால் பிறந்துவிட்டவை இருக்கின்றன. அவற்றை ஆஸ்திரேலியாவுக்குத் திருப்பி அனுப்ப வழியில்லை. ஐரோப்பியக் குளிரில் திறந்துவிடுவது கொலை. தவறான வழியில் தொடங்கிய உறவிலும் கடமை உண்டு, சொல்லப்போனால் அங்கேதான் அது கூடுகிறது. இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு சமாதானமும் வருகிறது. பெட்டியில் பிறந்தது பாலைவனத்தைப் பார்த்ததில்லை, இல்லாததற்கு ஏங்காது என்பார்கள். பாலைவனத்தை அது பார்த்திருக்கத் தேவையில்லை, அதன் உடம்பே பாலைவனத்தால் ஆனது. 2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டியபடி, முட்டை 32 டிகிரிக்கு மேல் அடைகாக்கப்படும்போது, ஆணுக்குரிய குரோமோசோம் கொண்ட தாடி ஓணானின் கரு பெண்ணாக மாறிவிடக்கூடும். காட்டிலும் அப்படிப்பட்டவை இருக்கின்றன. ஆணா பெண்ணா என்பதையே வெப்பம் முடிவுசெய்யக்கூடிய உயிருக்கு, வெப்பத்தைப் பழக்கத்தால் மறக்கக்கூடிய வசதியாகக் கருதுவது பெரும் பிழை. இந்த மறுப்புகளிலிருந்து நடைமுறையில் ஒன்று கிடைக்கிறது. நீளமான பெட்டிக்கு இடமோ, ஆண்டுதோறும் ட்யூப் மாற்றப் பணமோ இல்லாதவர் இந்த உயிரை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

இந்த வாதத்துக்கு வருகிற கடுமையான சோதனை இலையுதிர்காலத்தில் வருகிறது. எல்லாம் சரியாக இருக்கும். கல் 40 டிகிரி, ட்யூப் புதியது, இரையும் தண்ணீரும் உண்டு. ஆனாலும் வளர்ந்த தாடி ஓணான் சில சமயம் தின்பதை நிறுத்திவிட்டு, விளக்குக்கு முதுகைக் காட்டிக் குளிர்ந்த பக்கத்து மறைவிடத்துக்குள் போய் வாரக்கணக்கில் படுத்துவிடும். ஆஸ்திரேலியக் குளிர்காலத்தில் அதன் முன்னோர் கொள்ளும் அரைத்துயில் அது. டைமர் கோடை என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் உடம்பு குளிர்காலம் என்கிறது. அக்கறையுள்ள வளர்ப்பாளருக்கு முதலில் வருவது அச்சம். கை தானாகவே வெப்பத்தைக் கூட்டப் போகும். செய்யவேண்டியது முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, குடற்புழுவோ வேறு நோயோ இல்லை என்று உறுதிசெய்துகொள்வது. நோயும் துயிலும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தெரியும், அந்த வித்தியாசத்தை ஊகத்துக்கு விடக்கூடாது. வாரந்தோறும் எடை பார்ப்பதும் வேண்டும், ஏனென்றால் துயிலும் ஓணான் பெரிதாக இளைப்பதில்லை. நோய் இல்லையென்று தெரிந்தபின் விளக்குகளின் நேரத்தை மெல்லக் குறைத்து, தண்ணீரை மட்டும் மாற்றி வைத்துவிட்டு விட்டுவிடவேண்டும். பிடித்துக்கொண்டு வந்து பல்பின் கீழே உட்காரவைப்பது எளிது, அன்பாகவும் தோன்றும். கொடுப்பவர் எவ்வளவு பார்த்துப் பார்த்து அமைத்த வெயிலானாலும், அது இப்போது எனக்கு வேண்டாம் என்று ஒதுங்க அந்த உயிருக்கு இடம் இருக்கவேண்டும். சில வாரங்களோ இரண்டு மூன்று மாதங்களோ கழித்து அது வெளியே வரும்போது, விளக்கு அதே இடத்தில் எரிந்துகொண்டிருந்தால் போதும்.